பத்து மணிக்கு அந்தி

"விளக்கை நான் அணைக்கவே இல்ல மேடம். ஆனாலும் குடுவைக்குள்ள அதுங்க பெருகாம நின்னுபோச்சு" என்றாள் உலகம்மாள்.

ஜெபக்கனி நிமிரவில்லை. "எத்தனை மணிக்கு?"

"காலையில பத்து மணிக்கு."

"அப்புறம்?"

"ரெண்டு மணிக்கு மேல திரும்பக் கூடுது."

"சரி. எண்ணுங்க அக்கா."

அவ்வளவுதான் பதில்.

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. அதன் பின்கட்டில் இரண்டு அறைகள் கொண்ட ஆய்வகம். சன்னல்களில் எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதை நடத்தியவள் ஜெபக்கனி. வயது முப்பத்தெட்டு. ஒரு கேள்விக்கு அவள் இரண்டு வாக்கியம் பதில் சொன்னால், அன்றைக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்கள்.

அவளிடம் சேர்ந்திருந்த மாணவி உலகம்மாள். வயது நாற்பத்தாறு.

பட்டம் வாங்கிய மறு மாதமே அவளுக்குக் கல்யாணம். இரண்டு பிள்ளைகள். வீட்டு மாடியில் டியூஷன். சின்னவளும் வேலைக்குப் போன பிறகு நுழைவுத் தேர்வு எழுதினாள். மூன்றாவது தடவைதான் தேறினாள். முதல் தடவை தேர்வறைக்குள் நுழைந்தபோது ஒரு பெண் எழுந்து நின்று, "ஆன்ட்டி, மேற்பார்வையாளர் நாற்காலி அங்க இருக்கு" என்றாள்.

அவளுக்குக் கிடைத்தது ஆறு மாத இடம். அது முடியும் முன் சென்னையிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். சரி என்றால் முழு ஆய்வு மாணவி. இல்லையென்றால் வீடு.

நான்கு மாதம் கழுவவும் கலக்கவும் பழகினாள். ஐந்தாம் மாதம் ஜெபக்கனி ஒரு கண்ணாடிக் குடுவையை அவள் கையில் கொடுத்தாள்.

உள்ளே பச்சைத் தண்ணீர். அந்தப் பச்சை முழுக்க ஒற்றைச் செல் உயிர்கள். வெளிச்சத்தைத் தின்று வாழும் பாக்டீரியா. பார்க்கக் குட்டிக் குச்சி போல இருக்கும். வளரும், நடுவில் இறுகும், இரண்டாகும். மறுபடி வளரும்.

வேலை எளிது. விளக்கு அணையக் கூடாது. சூடு மாறக் கூடாது. தினமும் காலையில் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஏழு மணியிலிருந்து மணிக்கு ஒரு துளி எடுத்து, கட்டம் கீறிய கண்ணாடியில் வைத்து எண்ண வேண்டும்.

அவள் எண்ணினாள்.

ஏழு மணிக்கு ஐம்பத்தைந்து. எட்டுக்கு அறுபது. ஒன்பதுக்கு அறுபத்தாறு. பத்துக்கு எழுபத்திரண்டு.

பதினொன்றுக்கும் எழுபத்திரண்டு.

பன்னிரண்டுக்கு எழுபத்து மூன்று. ஒன்றுக்கு எழுபத்திரண்டு. இரண்டுக்கும் அதேதான்.

மூன்று மணிக்கு, எதுவும் நடக்காததுபோல எண்பத்து மூன்று.

ஒரு நாள் என்றால் விட்டுவிடலாம். மறுநாளும் பத்து மணி. அதற்கு மறுநாளும் பத்து மணி.

உலகம்மாள் யோசித்தாள். பத்து மணிக்குக் கல்லூரி கேண்டீனில் கிரைண்டர் ஓடும். மின்சாரம் தாழும். விளக்கு மங்கும். அதுதான்!

கேண்டீனுக்குப் போய், நாளைக்கு மட்டும் பதினோரு மணிக்கு ஆட்டுங்க என்று கேட்டாள்.

"அப்போ சாயங்கால தோசைக்கு நீங்க வந்து ஆட்டுதீங்களா?" என்றாள் கேண்டீன்காரி. ஆனாலும் ஒரு நாள் விட்டுக்கொடுத்தாள்.

கிரைண்டர் பதினொன்றுக்கு ஓடியது. குடுவை பத்துக்கே நின்றது.

படித்த காலத்துப் பாடம் அவளுக்கு நினைவிருந்தது. பாக்டீரியாவுக்கு இரவும் கிடையாது, பகலும் கிடையாது. அரை நாளில் இரண்டாகப் பிரிந்துபோகிற உயிருக்கு நாள் எதற்கு? அப்படியிருக்க, விளக்கு அணையாத அறையில், மணி பத்து என்று அதற்கு யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. அப்படியானால் தப்பு என்னிடம்தான் என்று அவள் முடிவுகட்டினாள். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குக் கண் களைக்கிறது. கை நடுங்குகிறது. மத்தியானம் நாலு வாய் சாப்பிட்டதும் தெளிந்துவிடுகிறது.

ஜெபக்கனியிடம் போனாள்.

"மேடம், என் கைதான் சரியில்லை. வயசாயிட்டு."

ஜெபக்கனி மேசையில் இருந்த டம்ளரை எடுத்தாள். விளிம்பு தளும்பத் தண்ணீர் ஊற்றினாள். அறையின் மறுகோடியில் இருந்த அலமாரியைக் காட்டினாள்.

"அங்க கொண்டு வைங்க."

உலகம்மாள் கொண்டுபோய் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரும்பி வந்து நின்றாள்.

ஜெபக்கனி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனசைத் திறந்து ஒன்று சொன்னால் எடுபிடி வேலை சொல்கிறாளே என்று உலகம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

எட்டாம் நாள் சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை குழு வருகிறது. அதற்குள் அளவுகளை வரைபடமாக அனுப்ப வேண்டும்.

அவள் வரைந்தாள். ஏழிலிருந்து பத்துவரை ஏறியது கோடு. பத்திலிருந்து இரண்டுவரை படுத்துக் கிடந்தது. பிறகு எழுந்து ஏறியது. எட்டு நாளும் எட்டுப் படிக்கட்டு.

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழவி மத்தியானம் அசந்துவிட்டாள் என்றுதான் படிப்பார்கள். குடுவையின் தப்பு என்றால் காட்டலாம். என் தப்பை எதற்குக் காட்ட வேண்டும்?

பென்சிலால் எழுதிய எண்களை ரப்பரால் அழித்தாள். ஏறுகிற கணக்குக்கு ஏற்ற எண்களைப் போட்டாள். பதினொன்றுக்கு எழுபத்தெட்டு, பன்னிரண்டுக்கு எண்பத்து நான்கு, ஒன்றுக்குத் தொண்ணூறு, மூன்று மணிவரை அப்படியே. கோடு நேராக வந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அந்தத் தாளை ஜெபக்கனி விளக்கடியில் வைத்துப் பார்த்தாள்.

"ரொம்ப நேரா இருக்கு."

"சரியாயிட்டு மேடம்."

"கை?"

"எல்லாமே."

ஜெபக்கனி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னைக்கு எண்ண வேண்டாம்."

"ஏன் மேடம்?"

"ஒண்ணே ஒண்ணைப் பாருங்க. பத்துலேருந்து ரெண்டு வரைக்கும்."

நகத்தளவு ஜெல்லியில் ஒரு துளியைப் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள் உலகம்மாள். ஆயிரம் குச்சிகளில் ஓரமாகக் கிடந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டாள். பார்வைக் கண்ணாடியில் அளவுகோல் கீறியிருந்தது. மணி பத்து. அந்தக் குச்சி ஆறு கோட்டளவு இருந்தது.

பத்தரை. பிரியவில்லை.

பதினொன்று. பிரியவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ண வேண்டியதில்லை என்பதால் மனசு நிதானமாக இருந்தது. பதினொன்றரைக்கு ஏதோ மாறியிருப்பதாகப் பட்டது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

ஏழு கோடு.

பன்னிரண்டரைக்கு ஏழரை. ஒன்றரைக்கு எட்டு. அக்கம்பக்கத்துக் குச்சிகளையும் அளந்தாள். பிரியாமல் கிடந்தவை எல்லாம் நீண்டிருந்தன. அவள் இதுவரை பார்த்தவற்றில் அத்தனை நீளமாக எதுவும் இருந்ததில்லை.

இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் குச்சியின் நடுவே ஒரு நிழல் விழுந்தது. இடுப்புபோல ஒடுங்கியது. பிறகு பார்த்தால் இரண்டு.

உலகம்மாள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது.

"மேடம், அது வளந்துக்கிட்டே இருந்துச்சு! நாலு மணி நேரமும்! பிரியறதை மட்டும்தான் தள்ளிப் போட்டுருக்கு."

"ம்."

"களைச்சுப்போய்க் கிடக்குன்னு நெனச்சேன். சாகுதுன்னுகூட நெனச்சேன்."

"ம்."

"ஆனா ஏன் பத்து மணிக்கு?"

ஜெபக்கனி எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே ஓர் இரும்பு அலமாரி. கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. மேலே ஒரு விளக்கு, அணைந்திருந்தது. விளக்கோடு ஒரு கடிகாரம் பூட்டியிருந்தது. விளக்கு எரிய, இரவு பத்து. விளக்கு அணைய, காலை பத்து.

"உங்க குடுவை ரெண்டு வாரம் இதுக்குள்ள இருந்துச்சு" என்றாள்.

உலகம்மாள் அந்தக் கடிகாரத்தையே பார்த்தாள். அவளுக்கு மெல்லப் பிடிபட்டது.

"அப்போ அதுக்கு, காலை பத்து மணின்னா அந்தி."

"ஆமா."

"அந்தியில பிரியாம, பொழுது சாஞ்ச பிறகு கொஞ்ச நேரம் அப்படியே இருக்கு."

"ஆமா."

"ஆனா மேடம், என்கிட்ட வந்து ஒம்பது நாள் ஆச்சு. ஒரு நிமிஷம்கூட இருட்டு இல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பிரியுது." விரல்விட்டு எண்ணினாள். "பதினெட்டு தலைமுறை. இந்த அலமாரியைப் பாத்தது எதுவும் முழுசா இப்போ இல்லையே."

"இல்ல."

"இருட்டுன்னா என்னன்னே தெரியாத பிள்ளைங்க. அதுங்களுக்கு அந்தியை யாரு சொல்லிக் குடுத்தா?"

"பிரியும்போது தாய் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கும்?"

"தன்கிட்ட உள்ளது எல்லாத்தையும்."

"மணியையும்" என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி அலமாரியைச் சாத்தினாள்.

உலகம்மாள் அங்கேயே நின்றாள்.

"நான் அதை அழிச்சிட்டேன் மேடம்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நேர்கோடு வரணும்னா என் கடிகாரம் பொய் சொல்லணும். இல்ல உங்க பென்சில் சொல்லணும்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்க பாக்காம, நான் கேட்டு என்ன?"

உலகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப நான் என்ன செய்யட்டும்?"

ஜெபக்கனி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளுடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"வியாழக்கிழமை சீக்கிரம் வந்துருங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே குழு வந்துவிட்டது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். தலைவர் பேராசிரியர் நன்மாறன். அவர் கையில் அந்த நேர்கோடு இருந்தது.

"இந்த வயசுல இவ்வளவு சுத்தமான வேலை" என்றார் அவர். "எனக்குச் சந்தோஷம்."

உலகம்மாளுக்கு அந்தச் சந்தோஷத்தை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

"சார், அது பொய்" என்றாள்.

நன்மாறன் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார்.

அவள் சொன்னாள். எதை அழித்தாள், எதை எழுதினாள், ஏன் எழுதினாள், பிறகு எதைப் பார்த்தாள். ரப்பரால் அழித்ததை நினைவிலிருந்து மறுபடி வரைந்த படிக்கட்டையும், நேற்றும் முந்தாநாளும் எண்ணிய உண்மை எண்களையும் மேசையில் வைத்தாள்.

நன்மாறன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் இறுகியிருந்தது.

"முதல் தாள் பொய். ரெண்டாவது தாள் மட்டும் எப்படி நிஜம்?"

உலகம்மாள் ஜெபக்கனியைப் பார்த்தாள். ஜெபக்கனி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க நம்ப வேண்டாம் சார்" என்றாள் உலகம்மாள். "இப்ப மணி ஒம்பது ஆகப்போகுது. எண்ணிப் பாக்கலாம். என் குடுவை பத்து மணிக்கு நிக்கும்."

"உங்க குடுவை வேண்டாம்." அவர் விளக்குத் தட்டருகே போனார். அங்கே இன்னும் ஐந்து குடுவைகள் வரிசையாக இருந்தன. ஜெபக்கனியின் குடுவைகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு மணிக்கு இருட்டு பழகியவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு எழுத்து. வேறொன்றும் இல்லை. "இது" என்று ஒன்றைத் தொட்டார்.

உலகம்மாள் ஜெபக்கனி பக்கம் குனிந்து, "அது எத்தனை மணிக்கு மேடம்?" என்று கிசுகிசுத்தாள்.

"நோட்டுல இருக்கு. வீட்டுல இருக்கு நோட்டு."

உலகம்மாள் குழுவைப் பார்த்துத் திரும்பினாள். "சார், இது எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு நாளைக்கு ஒருதரம் நிக்கும்."

"எங்க கார் ஒரு மணிக்கு வரும்" என்றார் நன்மாறன்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்பது மணி. "நாப்பத்தெட்டு."

பத்து மணி. "அம்பத்து மூணு."

பதினொன்று. "அம்பத்தெட்டு."

குழுவில் இருந்த ஆண்கள் இருவரும் வேறு ஏதோ கோப்பைப் புரட்ட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெண் உறுப்பினர் மட்டும் ஒவ்வொரு எண்ணையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு உலகம்மாள் மறுபடி குனிந்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அறுபத்து நான்கு.

இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு என்று சொன்னால் போதும். பார்வைக் கண்ணாடிக்குள் அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அறுபத்து நாலு" என்றாள் உரக்க. "கூடியிருக்கு சார்."

நன்மாறன் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கோப்பின் பக்கங்களைப் புரட்டவில்லை.

ஒரு மணிக்கு வெளியே கார் ஹாரன் அடித்தது.

உலகம்மாள் எண்ணினாள். துளியை மாற்றி எண்ணினாள்.

"அறுபத்து நாலு."

"போன மணிக்கும் அதுதான்" என்றார் அந்தப் பெண் உறுப்பினர், சீட்டைப் பார்த்து.

"ஒரு தடவை ஒண்ணா வந்ததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றாள் உலகம்மாள். "என் கண்ணு தப்பா எண்ணியிருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தாத்தான் தெரியும். ஆனா நீளத்தை இப்பவே அளக்கலாம்."

இடம் கொடுத்துக் கடிதம் வர மூன்று வாரம் ஆயிற்று. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு வருஷத்துக்கு, அவள் எண்ணும் ஒவ்வொன்றையும் இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். கடிதத்தைப் படித்த மறு நிமிஷமே கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ஹாரன் இரண்டாம் முறை அடித்தது.

நன்மாறன் எழுந்தார். வாசல்வரை போனார். டிரைவரிடம் ஏதோ சொன்னார். கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி உள்ளே வந்தார்.

"திரும்ப எப்போ கூட ஆரம்பிக்கும்?" என்றார்.

"உறுதியாத் தெரியாது சார்."

"உங்க மேடத்துக்கு?"

ஜெபக்கனி தோளைக் குலுக்கினாள். அன்றைக்குத்தான் உலகம்மாள் அவள் சிரித்துப் பார்த்தாள்.

நன்மாறன் சட்டைக் கையை முழங்கைவரை மடக்கிவிட்டார். உலகம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் ஒரு துளி வைங்க" என்றார். "எப்படி எண்ணணும்னு சொல்லிக் குடுங்க."